ஆண்டு விழாவில் ஜீப் ஓடாது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்கள் பள்ளிப் பட்டறையில் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டியாக மாற்றிவரும் பழைய ராணுவ ஜீப், ஆண்டு விழா அன்று ஓடாது. சத்தமே இல்லாமல் மைதானத்தைச் சுற்றி வந்து மேடைக்கு முன்னால் நிற்கும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்திருப்பார்கள். அன்றைக்கு ஜீப் பட்டறையில், சக்கரங்கள் கழற்றிய நிலையில், ஸ்டாண்டு மேல் நிற்கும். ஏன் இந்த முடிவு என்பதையும், அடுத்த கட்ட வேலைக்கு உங்களிடம் கேட்கும் சம்மதத்தையும் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டியைப் பற்றிச் சிலருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. "பள்ளிக்கூடத்தில் ராணுவ வண்டி எதற்கு?" என்று ஒரு தாயார் நேரிலேயே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் இருப்பது வில்லிஸ் எம்38ஏ1 என்ற ஜீப். 1952-இல் உற்பத்திக்கு வந்த வகை. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 72 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். எடை ஏறக்குறைய 1,200 கிலோ. ஆயுதம் எதுவும் இதில் இல்லை, ஆயுதத்தைப் பற்றி நாங்கள் எதுவும் கற்பிக்கவும் இல்லை. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இது திறந்து பார்க்க முடிகிற வண்டி. இன்றைய காரின் பானெட்டைத் தூக்கினால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். இதில் எரிபொருள் எங்கே நுழைகிறது, சக்தி எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை விரலால் தொட்டுத் தொடர்ந்து போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ராணுவ வண்டிகளுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர் 1900-லேயே பெட்ரோல் என்ஜினால் ஜெனரேட்டரை ஓட்டி, அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றும் கார் செய்தார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்களின் சான்-ஷமோன் டாங்கி அதே முறையில்தான் ஓடியது. இன்று படைகள் ஹைபிரிட் வண்டியை விரும்புவதற்கும் காரணம் உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு ரேடியோவையும் கருவிகளையும் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் இயக்கலாம். அதோடு, தொலைதூர முகாமுக்கு டீசல் கொண்டுபோகும் லாரிகளைக் காப்பதே பெரிய ஆபத்தான வேலை என்பதால், எரிபொருள் மிச்சம் என்றால் உயிரும் மிச்சம். இதைப் பிள்ளைகளே தேடிப் படித்து வகுப்பில் பேசினார்கள்.

சரி, என்ன செய்கிறோம்? இந்த ஜீப்பில் என்ஜினின் சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்ஸிலுக்கும், இன்னொரு ஷாஃப்ட் வழியாக முன் ஆக்ஸிலுக்கும் போகிறது. முன்னால் போகும் ஷாஃப்டை டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கழற்றிவிட்டோம். இனி அதைச் சுழற்றப்போவது மின்மோட்டார். பின்சக்கரம் என்ஜினுக்கு, முன்சக்கரம் மோட்டாருக்கு. இரண்டுக்கும் நடுவே எந்தக் கியரும் கிடையாது, தரைதான் இணைப்பு. மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டும் ஓடும், வேகம் கூடினால் என்ஜின் பொறுப்பேற்கும். பேட்டரி இறங்கிவிட்டால் என்ஜின் வண்டியைத் தள்ள, உருளும் முன்சக்கரம் மோட்டாரையே ஜெனரேட்டராக்கிச் சார்ஜ் ஏற்றும். "அப்போ ரோடு வழியாத்தான் சார்ஜ் ஆகுதா சார்?" என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டபோது பட்டறையே ஒரு நிமிடம் அமைதியானது. ஆமாம், அப்படித்தான்.

கணக்கும் அவர்கள் போட்டதுதான். முன் ஆக்ஸிலின் பல் விகிதம் 5.38, அதாவது ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். டயரின் சுற்றளவை நூல் கட்டி அளந்தார்கள், ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,560 சுற்றுச் சுற்ற வேண்டும் என்று வந்தது. மோட்டாருக்கு 3,000 சுற்றுக்கு மேல்தான் வசதி. ஆகவே இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பல்பெல்ட். விகிதமுறு எண் என்று கரும்பலகையில் நான் எழுதியபோது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள் இவர்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று ஒரு தந்தை எழுதியிருந்தார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். லித்தியம் வகைகளில் சூட்டுக்குச் சீக்கிரம் கலங்காத வகை இது. ஒரு செல் 3.2 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. பதினாறு செல்களைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். முழுச் சார்ஜிலும் 58.4 வோல்ட்டைத் தாண்டாது. முப்பது செல் வைக்கலாம் என்றுதான் மாணவர்கள் கேட்டார்கள். அவர்கள் வாதத்தில் தவறில்லை. வோல்ட் இரட்டிப்பானால் அதே வேலைக்கு ஆம்பியர் பாதியாகும், கம்பி மெலியும், சூடு குறையும். ஆனால் பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) 60 வோல்ட்டுக்கு மேல் போனால் மின்சாரக் கார்த் தொழிலிலேயே அதை ஆபத்தான மின்னழுத்தம் என்று வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் சுருங்கி இருந்தார்கள். அப்புறம் 200 ஆம்பியருக்கு ஏற்ற தடித்த கம்பியைத் தேடப் போய்விட்டார்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்ற மாதம் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். நான்கு செல்களை மட்டும் இணைத்திருந்தோம், வெறும் 12.8 வோல்ட். ஒரு மாணவி நட்டை முடுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தது. பட்டென்று ஒரு வெடிச்சத்தம், கண்ணைப் பறிக்கும் நீல ஒளி. ஸ்பேனரின் தாடையில் பட்டாணி அளவுக்கு உருகிப் போயிருந்தது. கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்ததால் அவளுக்குச் சிறு காயம்கூட இல்லை. அவளுடைய பெற்றோரிடம் அன்றே பேசினேன். ஷாக் அடிக்க வோல்ட் வேண்டும், ஆனால் சுட்டுப் பொசுக்க ஆம்பியர் போதும். அந்த ஒரு நொடியில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்திருக்கும். அந்த ஸ்பேனரைப் பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து எல்லா ஸ்பேனருக்கும் வாய்ப்பகுதி தவிர மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றியாகிவிட்டது. வேலை செய்யாத முனைகளுக்கு ரப்பர் மூடி. கதவருகே ஒரு மரப்பெட்டி இருக்கிறது, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆசிரியர்களும்தான். பேட்டரியில் ஒருவர் கை வைத்தால் இன்னொருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் சத்தமாக வாசிப்பார். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேட்டரி அறை பூட்டியிருக்கும். இரவில் சார்ஜ் போடுவதில்லை. கார்களில் 60 வோல்ட்டுக்கு மேல் போகும் கம்பிக்குத்தான் ஆரஞ்சு நிறம் போடுவார்கள். நம்முடையது அதற்குக் கீழே என்றாலும் ஆரஞ்சே போட்டிருக்கிறோம். பார்த்தவுடன் கை பின்வாங்க வேண்டும்.

இனி, ஜீப் ஏன் நிற்கிறது என்ற விஷயம்.

செல்கள், மோட்டார், அதன் தாங்கி, பெட்டி எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்குப் பக்கம் எடை கூடுகிறது. கூடுதல் எடையை நிறுத்தப் பிரேக் போதுமா என்று பார்க்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்திருந்தோம். குழுவிலேயே இளையவள். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, கையில் சாக்பீஸோடு பிரேக் குழாய் போகும் வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம். வெளியே வந்து நோட்டில் வரைந்து காட்டினாள். பெடல், அதை மிதித்தால் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து ஒரே குழாய், அது பிரிந்து நான்கு சக்கரத்துக்கும். "எந்த இடத்துல ஒழுகினாலும் நாலும் போயிடுமா சார்?" என்று கேட்டாள்.

போய்விடும். அந்தக் காலத்து வண்டிகளில் அப்படித்தான் வைத்தார்கள். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். நாங்கள் மாதக்கணக்கில் மோட்டாரையும் பேட்டரியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நிறுத்துவதைப் பற்றி முதலில் கேட்டவள் அவள்தான்.

மோட்டாரே பிரேக் பிடிக்குமே என்று சிலர் சொன்னார்கள். பிடிக்கும். வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் முன் ஆக்ஸிலில் மோட்டார் இருப்பது அதற்கு நல்லதும்கூட. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தும் விடும். அதை நம்பி பிள்ளைகள் கூடியிருக்கும் மைதானத்தில் வண்டியை விட முடியாது.

ஆகவே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்துகிறோம். இந்த ஜீப்பில் பெடல் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது, சிலிண்டர் சட்டத்தோடு அடியில் இருக்கிறது. புது சிலிண்டர் நீளம் அதிகம், பழைய இடத்தில் உட்காராது. புதுத் தாங்கி செய்ய வேண்டும். சக்கர சிலிண்டர்களைத் திறந்தால் ரப்பர் சீல்கள் கல் மாதிரி இறுகியிருந்தன, அவையும் மாற வேண்டும். அவசரப்பட்டால் விழாவுக்கு ஓட்டிக் காட்டியிருக்கலாம். பதறிய காரியம் சிதறும் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தள்ளிவைக்கலாமா என்று வாக்கெடுத்தபோது குழுவில் ஒரு கைகூடக் கீழே இல்லை.

படிப்பு கெடுகிறது என்ற கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை மட்டும்தான் பட்டறை. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் பூட்டு. மதிப்பெண் பார்த்து யாரையும் சேர்க்கவில்லை, மதிப்பெண் பார்த்து யாரையும் நிறுத்தவும் மாட்டேன். வணிகவியல் மாணவன் ஒருவன் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணிட்டுப் பதிவேடு வைத்திருக்கிறான். அவன் இல்லையென்றால் பாதி வண்டியை எங்களால் திரும்பப் பூட்ட முடியாது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பேட்டரி முழுவதிலும் இருக்கும் ஆற்றல் 10 கிலோவாட்-மணிக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி. "இவ்வளவு பாடுபட்டு ஒரு லிட்டர் பெட்ரோலைத்தான் சுமக்கிறோமா?" என்று ஒரு மாணவி கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டாள். இயற்பியல் ஆசிரியை மறுநாள் வரை பதில் சொல்லவில்லை. மறுநாள் அவளே வந்தாள். பழைய பெட்ரோல் என்ஜின் அதில் கால்வாசியைக்கூடச் சக்கரத்துக்குத் தருவது கஷ்டம், மிச்சம் சூடாகப் போகிறது. மோட்டார் பத்தில் எட்டுக்கு மேல் தரும். அப்படிப் பார்த்தால் நான்கு லிட்டருக்குச் சமம். அந்த ஒரு ராத்திரி அவள் எதைப் படித்தாள், எத்தனை பக்கம் படித்தாள் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கேள்வித்தாளும் அவளை அப்படி உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

பள்ளிப் பிள்ளைகளால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2010-இல் அமெரிக்காவில் முடிந்த ஆட்டோமோட்டிவ் எக்ஸ் பிரைஸ் போட்டியில் மொத்தப் பரிசு ஒரு கோடி டாலர். உலகெங்கும் இருந்து வந்த நிறுவனங்களோடும் பல்கலைக்கழகங்களோடும் மேற்கு பிலடெல்பியா உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் தாங்கள் செய்த ஹைபிரிட் கார்களோடு மோதினார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் போட்டிக்களம் வரை அவர்கள் வண்டிகள் போயின.

அடுத்த கட்டத்தில் பதினாறு செல்களையும் இணைத்து, சக்கரம் தரையில் படாமல் மோட்டாரைச் சுழற்றிப் பார்ப்போம். அதற்குத்தான் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள். உங்கள் பிள்ளையே எல்லாவற்றையும் காட்டும். பார்த்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்; அந்தப் பிள்ளைக்குப் பேட்டரிப் பக்கம் போகாத வேலை குழுவில் நிறைய இருக்கிறது, யாரும் குறைவாகப் பார்க்க மாட்டோம். வண்டி தரையில் ஓடும் நாளில் ஓட்டுவது பெரியவர் ஒருவர்தான், மைதானத்துக்குள் மட்டும்தான்.

வரும்போது மூடிய செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள். கையில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி அந்த மரப்பெட்டியில் போடச் சொல்வார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பழைய டிரம் பிரேக் வேலை கைவந்த பெற்றோரோ தாத்தாவோ யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பின்பக்க இடது டிரம் இன்னும் கழன்று வரவில்லை.