பதினைந்து வரை எண்ணச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் போட்டிருந்த குழாயை, அதாவது லைனையும் எடுத்தாகிவிட்டது. போன் எடுக்கவில்லை, மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காலில் கிருமி எலும்புவரைக்கும் போய், காலையே எடுக்க வேண்டுமோ என்ற நிலைமையில் ஆபரேஷன் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை விவரமாக மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. கால் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. நேற்று பேப்பர் லேட்டாக வந்ததற்குப் பேப்பர் போடும் பையனிடம் சண்டை போட்டார். இதைவிட நல்ல செய்தி இப்போதைக்கு என்னிடம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அந்த ராத்திரி தூக்கம் விட்டு வந்த சர்ஜன், சர்க்கரை டாக்டர், கிட்னி டாக்டர், தரையைத் துடைத்துக்கொண்டே "சாப்பிட்டியாம்மா" என்று தினமும் கேட்ட ஆயாம்மா, கேட்காமலே பணம் போட்டுவிட்ட சித்தப்பா, கார் எடுத்து வந்து வாசலிலேயே தூங்கிய மாமா பையன், பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, பக்கத்துப் பெட்டுக்காரரின் மனைவி. எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் விட்டுப்போயிருந்தால் நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சம் எழுதப்போவது எல்லாம் ஒருவரைப் பற்றி. சர்ஜிக்கல் வார்டில் பகல் டியூட்டி பார்த்த சிஸ்டர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வெறும் சிஸ்டர்.

ஆரம்பத்தில் அப்பாவின் கைகள் இருந்த லட்சணத்தைப் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியும். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்திவைக்கும் சின்னக் குழாய்) போட்டால் மறுநாளே வீங்கிவிடும். எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்துவார்கள். புறங்கை, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு என்று இடம் தேடித் தேடி இரண்டு கையும் கறுத்துப்போய்விட்டது. எலும்புக்குள் போன கிருமிக்கு ஆறு வாரம் ஊசி மருந்து என்று டாக்டர் சொன்னபோது அப்பா என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று எதுவும் கேட்கவில்லை. "எங்க குத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் பிக் (PICC) லைன் பேச்சு வந்தது. மேல்கையின் உள்பக்கம், முழங்கைக்கு மேலே, அல்ட்ராசவுண்டில் பார்த்து ஒரு நரம்பில் மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். அது தோள் வழியாக மார்புக்குள் போய், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெரிய ரத்தக்குழாயில் நிற்கும். ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம். அப்பாவுக்கு எழுதிய வான்கோமைசின் சின்ன நரம்புகளை எரித்துவிடும் மருந்து; அந்தப் பெரிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் விழுந்ததும் கலந்துவிடும், எரிக்காது. நுனி சரியான இடத்தில் நிற்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்தே ஏற்றினார்கள்.

போடலாம் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்ட நேரத்தில், "ஐயாவுக்குச் சர்க்கரை இருபது வருஷமா இருக்கு சார், கிட்னி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமா?" என்றார் சிஸ்டர். எனக்கு முதலில் எரிச்சல்தான். கையில் போடும் குழாய்க்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? கிட்னி டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. பிக் லைன் இருந்த நரம்பு சில சமயம் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், சுருங்கியும் போகும். பின்னாளில் டயாலிசிஸ் என்று வந்தால் ஃபிஸ்டுலா (அதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) போடுவதற்கு அதே கை, அதே நரம்புதான் வேண்டும். கிட்னி வேலை செய்யும் அளவு 45-க்குக் கீழே இறங்கியிருந்தால் கையைத் தொடவே விட்டிருக்க மாட்டேன் என்றார். அப்பாவுக்கு அதைவிட நன்றாகவே இருந்தது. இரண்டு வழி உள்ள லைன் வேண்டாம், ஒரே வழி உள்ளது போதும் என்றும் எழுதிவிட்டுப் போனார். குழாய் ஒல்லியாக இருந்தால் அடைப்புக்கும் கிருமிக்கும் வாய்ப்புக் குறைவாம்.

அன்று இரவு தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எந்த நோயாளிக்கு எந்த லைன் என்று 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் முன்னின்று ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறார்கள். நரம்பை எரிக்காத மருந்து, ஐந்து நாளைக்குத்தான் என்றால் பிக் லைன் வேண்டாம். இரண்டு வாரம் வரைக்கும் மேல்கையோடு நின்றுவிடும் மிட்லைன் போதும். எங்களைப் போல வாரக்கணக்கில் ஓட வேண்டியவர்களுக்குத்தான் இது. வசதியாக இருக்கிறது என்பதற்காகப் போடுகிற சாமான் இல்லை. சிஸ்டர் எழுப்பிய கேள்வியும் அதில் அப்படியே இருந்தது.

லைன் போட்ட அன்று மயக்க டாக்டர், சின்னப் பையன், அப்பாவின் பயத்தைப் போக்க ஒரு கதை சொன்னார். 1929-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்று ஓர் இளம் டாக்டர். கை நரம்பு வழியாக இதயம் வரைக்கும் குழாய் விடலாம் என்றால் யாரும் அனுமதிக்கவில்லை. சாமான் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. அந்த அம்மா "என் மேலேயே செஞ்சு பாருங்க" என்று முன்வந்தார். அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, இந்த ஆள் தன் கையிலேயே விட்டுக்கொண்டார். குழாயோடு படியிறங்கிப் போய் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். "டிக்கெட் எடுக்காமலே இதயம் வரைக்கும் போயிட்டானா?" என்றார். எத்தனையோ நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். எல்லாரும் சிரித்தோம். சிஸ்டர் மட்டும், "கட்டிப்போட்ட அந்த சிஸ்டருக்கு என்ன குடுத்தாங்க சார்?" என்று கேட்டார். டாக்டரிடம் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு அப்பா யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கட்டுப் பிரிக்க வந்தாலும் சரி, ரத்தம் எடுக்க வந்தாலும் சரி, கையையோ காலையோ நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். லைன் போட்ட மறுநாள் காலை சிஸ்டர் மருந்து ஏற்ற வந்தார். கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, ஸ்பிரிட் பஞ்சைப் பிரித்து, லைனின் மூடியைச் சுற்றித் திருகித் திருகித் துடைத்தார். துடைக்கும்போதே, "ஐயா, நான் எண்ணுறேன், நீங்க சரிபாருங்க. பதினைஞ்சு வரணும். குறைஞ்சா விடாதீங்க" என்றார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். அப்பா திரும்பவில்லை. ஏழோ எட்டோ வரும்போது அவரும் முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பதினைந்தில் இரண்டு குரலும் ஒன்றாக நின்றன. காய்வதற்குக் கொஞ்சம் விட்டு, பிறகுதான் சிரிஞ்சை மாட்டினார்.

"யார் வந்தாலும் எண்ணணும் ஐயா. பெரிய டாக்டரே வந்தாலும். இந்தக் குழாய் இதயத்துப் பக்கத்துல முடியுது. வாசல்ல அழுக்கு இருந்தா நேரா உள்ள போயிடும்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வேறொருவர் டியூட்டி. பாவம், வார்டு முழுக்க ஒரே ஆள். ஒரு துடை துடைத்துவிட்டு சிரிஞ்சை எடுத்தார். இருட்டில் அப்பாவின் குரல்: "அஞ்சுதான் ஆச்சு. பத்து பாக்கி இருக்கு தாயி." அந்தப் பெண் ஒரு நொடி திகைத்து, சிரித்துவிட்டு, புதுப் பஞ்சு எடுத்து முதலிலிருந்து துடைத்தார். அப்பா விடாமல் எண்ணினார். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அழுதேன்.

படுக்கையில் கிடப்பவரிடம் எதுவும் யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டை நாம் முடிவு செய்கிறோம், பாத்ரூம் நேரத்தை வார்டு முடிவு செய்கிறது, காலை வைப்பதா எடுப்பதா என்பதைக்கூட வெளியே வராந்தாவில் நின்று பேசினோம். அந்த மனிதருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று பெற்ற பிள்ளை எனக்குத் தோன்றவில்லை. சிஸ்டருக்குத் தோன்றியது.

அதன்பின் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். பஸ்ஸில் இன்வாய்ஸ் போட்ட அதே கட்டங்கள்: தேதி, மருந்து ஏற்றிய நேரம், குழாய் வெளியே தெரியும் நீளம், மேல்கையின் சுற்றளவு, யார் போட்டது. மருந்து முடிந்ததும் பத்து மில்லி சிரிஞ்சில் சலைன் விட்டார்களா என்பதற்குத் தனிக் கட்டம். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடித்துவிடக் கூடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். விட்டு விட்டுத் தள்ளவும் வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளினால் அப்பா முறைப்பார். ஒரு நாள் சுற்றளவு முந்தின நாளைவிடக் கூடியிருப்பதை நோட்டை வைத்து அவரேதான் கண்டுபிடித்தார். ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க உடனே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. டியூட்டி முடிந்தும் ரிசல்ட் வரும்வரை சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டி, "இந்தக் கையில் பிபி, ரத்தம் எடுக்கக் கூடாது" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியதும் அவர்தான். அதன் கீழே அப்பா, "பார்வையாளர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது" என்று தானாகச் சேர்த்துக்கொண்டார். ஆப்பிள் பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "கையில என்ன மச்சான் இது" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த பெரியவருக்கு அது புரிந்திருக்கும். நன்றி மடலில் இதைச் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. தினமும் ரவுண்ட்ஸில் டாக்டர்கள் கிளம்பும்போது, "சார், லைன் இன்னும் வேணுமா?" என்று சிஸ்டர் கேட்பார். பதில் தெரிந்த கேள்விதான். ஆறு வாரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். தேவை முடிந்தும் ஒவ்வொரு நாளும் உள்ளே கிடக்கும் குழாய் கிருமிக்குத் திறந்த கதவு என்பார். வீட்டுக்கு வந்தபின் தெரு நர்ஸம்மா மருந்து போட வரும்போது அப்பா அவரையும் எண்ண வைத்தார். டிரெசிங் மாற்ற வாரம் ஒரு முறை வார்டுக்குப் போனால் நோட்டை முதலில் சிஸ்டரிடம்தான் காட்டுவார்.

கடைசி டோஸ் முடிந்த அன்றே எடுத்தாகிவிட்டது. படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக உருவினார்கள். வலியே இல்லை என்றார் அப்பா. உருவிய குழாயை அளந்து, போட்ட அன்று எழுதிய நீளத்தோடு ஒப்பிட்டு முழுதும் வந்துவிட்டது என்று சிஸ்டர் சொன்னார். அப்பா நோட்டில் கடைசிக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

இனி எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், உடம்பில் குழாய் என்று எது போட்டாலும், எதற்கு, எத்தனை நாளைக்கு, என்றைக்கு எடுப்பீர்கள் என்று மூன்றையும் கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீங்களும் கேளுங்கள்.

வரும் வாரம் ரிவ்யூவுக்கு வருகிறோம் சிஸ்டர். அல்வா வாங்கி வைத்திருக்கிறேன், வார்டு முழுக்கக் காணும். அப்பாவுக்குக் கிடையாது. அவர் எத்தனை துண்டு இருக்கிறது என்று இப்போதே எண்ணி வைத்துவிட்டார், அதனால் நீங்கள் லீவு போட்டுவிடாதீர்கள்.