பவித்ராவின் மேற்படிப்பு: கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள், நீ இளகிவிடாதே. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். கார்த்தி தேசிய சேவைக்குப் போய்விட்டான், இப்போது தெக்கோங் தீவில் பயிற்சி. வார இறுதியில் வந்தால் சாப்பிடுகிறான், தூங்குகிறான், துணி துவைக்கப் போடுகிறான், கிளம்பிவிடுகிறான்.

சரி, இங்கே மருத்துவமனையில் தாதியாக, அதாவது நர்ஸாக இருக்கிற உன் தங்கை மகள் பவித்ரா விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் எம்எஸ்ஸி, வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்கிறார், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று சொல். ஆன்லைன் படிப்பெல்லாம் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. படித்து முடித்ததும் என்ன வேலை செய்யப் போகிறாள் என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது.

நீ எம்எஸ்ஸி படித்தபோது உனக்குக் குழப்பம் இல்லை. நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், அதற்கு எம்எஸ்ஸி வேண்டும், அவ்வளவுதான். இங்கே நிலைமை வேறு. வார்டில் சில வருடம் ஓடிய பிறகு, நோயாளியோடேயே இருக்கிறாயா, நிர்வாகத்துக்குப் போகிறாயா, சொல்லிக்கொடுக்கப் போகிறாயா, ஆராய்ச்சியா என்று பாதை பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு. ஒன்றுக்கு வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு மற்றொன்றின் கதவைத் தட்டினால் பல நேரம் திறப்பதில்லை.

பவித்ரா வாயில் அடிக்கடி வருவது ஏபிஎன், அதாவது அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ். உன் காலேஜ் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். அனுபவமுள்ள தாதி முதுகலை முடித்து, நோயாளியைத் தானே பரிசோதித்து, என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்து, டாக்டரோடு சேர்ந்து சிகிச்சையைத் திட்டமிடுகிற நிலை அது. 2003இல் இங்குள்ள தேசியப் பல்கலைக்கழகம், அதாவது என்யுஎஸ், இதற்கான மாஸ்டர் ஆஃப் நர்சிங் படிப்பைத் தொடங்கியது. 2006இல் தாதியர் மன்றம் இவர்களுக்கென்று தனிப் பதிவேடு திறந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் ஏபிஎன் என்று போட்டுக்கொள்ள முடியாது. பட்டம் வாங்கியதும் பெயர் ஏறிவிடாது. மேற்பார்வையில் இன்டர்ன்ஷிப் செய்து, மன்றத்தின் மதிப்பீட்டிலும் தேற வேண்டும். கையால் தொட்டுப் பரிசோதிக்கிற பயிற்சியே இல்லாத ஒரு பட்டம் இந்த வழிக்கு எப்படி உதவும்? ஏஜெண்டிடம் பவித்ரா கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: கிளினிக்கல் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை?

இந்த வருடம் நானும் அதே படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், கலா. இந்த வயதில் எதற்கு என்று நீ கேட்பாய். ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், புரியும்.

நான் இப்போது வீடு வீடாகப் போகிற சமூகத் தாதிக் குழுவில் இருக்கிறேன் அல்லவா. தோ பாயோவில் ஒரு ஓரறை வீடு, பாட்டி தனியாக இருக்கிறார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. ஊசி ஒழுங்காகப் போடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்வார். ஒரு நாள் அவரிடம் கேட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். காய்கறித் தட்டில், முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் அடியில், இன்சுலின் பேனாக்கள் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன. திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னார்: ஒரு ராத்திரி வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து ஊசியைத் தொடவில்லை. பேனாவில் எண் தெரியாத அளவுக்குக் கண்ணும் மங்கல். இதையெல்லாம் கிளினிக்கில் யாரிடமும் சொல்லவில்லை, தமிழில் கேட்டவர் இல்லை என்பதால்.

அவர் ராத்திரி சாப்பிடுவது ரெண்டு ரொட்டி. அந்தச் சாப்பாட்டுக்கு அந்த டோஸ் கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. அதற்கான படிப்பு என்னிடம் இல்லை. எழுதி அனுப்பி, டாக்டர் பார்த்து, பதில் வரும்வரை தினமும் போனில் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். டோஸைக் குறைத்த பிறகு, கீழ்வீட்டு மலாய்க்காரப் பெண் எண்ணைத் திருகிக் கொடுக்க, பாட்டி தானே போட்டுக்கொள்கிறார்.

2018 முதல் இங்கே ஏபிஎன்களுக்கு மருந்து எழுதும் பயிற்சி தனியாக இருக்கிறது. அதை முடித்தவர்கள் டாக்டரோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குள் மருந்து எழுதலாம், டோஸை மாற்றலாம். அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்யத்தான் எனக்கு இந்தப் பட்டம். 2030இல் இங்குள்ள குடிமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்கிறார்கள். தனியாக இருக்கிற பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் கூடத்தான் போகிறார்கள். அவர்களைக் கிளினிக்குக்கு வரவைப்பதைவிட நாம் போவது நல்லது என்பது என் கட்சி.

பவித்ராவுக்கு என் பாதை பொருந்தும் என்று சொல்லவில்லை. அவளுக்கு ரோஸ்டர் போடுவதும் ஆளைச் சமாளிப்பதும் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நிர்வாகப் படிப்பு பார்க்கட்டும், அதற்கு ஆன்லைனே போதுமானதாக இருக்கலாம். முதியோர் பக்கம் ஆர்வமிருந்தால் எஸ்யுஎஸ்எஸ் என்கிற சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுமையியலில் முதுகலை இருக்கிறது. பொதுச் சுகாதாரம் என்றால் என்யுஎஸ்ஸிலேயே தனிப் பள்ளி உண்டு.

பணத்துக்காக என்றால் அவசரம் வேண்டாம். 2024இல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில், பொதுத்துறையில் தொடர்ந்து இருக்கிற தாதிக்கு 20 வருடத்தில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கிடைக்கலாம். அதற்கு முதுகலை கேட்பதில்லை. தகுதி விவரத்தை அவள் மருத்துவமனை மனிதவளப் பிரிவிலேயே கேட்கட்டும். படிப்புச் செலவை மருத்துவமனையே ஏற்றால் பாண்ட் உண்டு, அதாவது முடித்த பிறகு இத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன் ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும்: நடுவில் கல்யாணமாகி ஊருக்குத் திரும்பினால் எவ்வளவு கட்ட வேண்டும், முடித்து வந்ததும் அந்தப் பதவிக்கு உண்மையில் இடம் இருக்கிறதா. ரெண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. மேற்படிப்பு முடித்துவிட்டுப் பழைய வார்டில் பழைய வேலையே பார்க்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், மனம் ரொம்ப வாடிப்போகிறார்கள்.

அப்புறம் ஒன்று. அவள் வந்து இன்னும் ரெண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. எந்தத் துறை நோயாளி அவளுக்குப் பிடிக்கிறது என்று தெரியவே இன்னும் நாளாகும். அவள் மருத்துவமனையில் ஏபிஎன் யாராவது இருப்பார், அனுமதி வாங்கி ஒரு நாள் அவர் பின்னாலேயே சுற்றட்டும். ஏஜெண்ட் கொடுத்த பிரசுரத்தைவிட அதில் அதிகம் தெரியும்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஓய்வு. பவித்ராவை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல். யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் அவளுக்குத் தூரமே இல்லை. ஏஜெண்ட் கொடுத்த தாள் எல்லாவற்றையும் எடுத்து வரட்டும், சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கிறோம். பார்த்த கையோடு உனக்குப் போன் செய்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி