யபுகிக்கு எதிரில் சாண்டோவல் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃப்ளைவெயிட் (50.8 கிலோ வரை) குத்துச்சண்டையில் யாரோடு யார் மோத வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டும் ரக்பியும் போக மிஞ்சிய இடத்தில் 50.8 கிலோக்காரர்களுக்கும் ஒரு பக்கம் கிடைத்திருக்கிறதே, அதற்கே நன்றி. ஆனால் ஜப்பான்காரர்களான தெராஜி, யபுகி இருவரின் மூன்றாவது மோதலுக்கு முதலிடம் கொடுத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

இருவரும் ஒரு படி குறைந்த எடையான லைட் ஃப்ளைவெயிட்டில் இருந்தபோது, 2021இல் யபுகி பத்தாவது சுற்றில் வென்றார். 2022இல் தெராஜி மூன்றே சுற்றில் கணக்கைத் தீர்த்துவிட்டார். அப்புறம் என்ன பாக்கி? 2025 ஜூலையில் யோகோஹாமாவில் தெராஜியின் இரண்டு ஃப்ளைவெயிட் உலகப் பட்டங்களையும் அமெரிக்காவின் ரிக்கார்டோ சாண்டோவல் பறித்துக்கொண்டு போனார். ஐந்தாவது சுற்றில் விழுந்தவர், எழுந்து வந்து, ஊரார் முன்னிலையிலேயே அவர்களுடைய ஆளை வென்றார். அதே ஆண்டு மார்ச்சில் சாம்பியன் ஏஞ்சல் அயாலாவைப் பன்னிரண்டாவது சுற்றில் மேலே ஆட முடியாதபடி நிறுத்தி, இதே எடையில் பட்டம் வாங்கியவர் யபுகி. விழுந்தாலும் எழுந்து அடிப்பவரும், கடைசிச் சுற்றிலும் அடியில் பலம் குறையாதவரும் எதிரெதிரே நின்றால், அதைவிட வேறென்ன வேண்டும்?

சாண்டோவலும் இதே எடையில் பட்டம் வாங்கிய ஓலாஸ்குவாகாவும் மோதுவதும் நல்ல யோசனைதான். இருவருமே கலிஃபோர்னியாக்காரர்கள், ஆனால் இருவரும் பட்டம் வாங்கியது ஜப்பானில்! இந்த எடைக்குக் காசு போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடமும் இதுதான்.

டர்பனின் ஃபீனிக்ஸில் இருக்கும் எங்களுக்கு லிண்டெலானி தொலைவில்லை. அங்கே பிறந்தவர் ஃப்ளைவெயிட் உலகச் சாம்பியனாக இருந்த மொருட்டி ம்தலானே. 2010இல் ஜொலானி டேட்டேயை ஐந்தாவது சுற்றில் நிறுத்தினார். 2011இல் கசிமேரோவையும் அதே ஐந்தாவது சுற்றில். அந்த இருவரும் எடை கூடிப் போய், 2019இல் அதற்கு மேற்பட்ட பாண்டம்வெயிட் எடையில் உலகப் பட்டத்துக்காகத் தங்களுக்குள் மோதினார்கள். இவர்களை வென்ற மனிதருக்கோ அவர் காலத்துச் சாம்பியன்களான விலோரியாவுடனோ எஸ்ட்ராடாவுடனோ ஓர் ஆட்டம்கூட அமையவில்லை. தாய்லாந்தின் அம்னாத்தோடு மோதக் கொடுக்க முன்வந்த தொகை அவ்வளவு சொற்பம். ஆட மாட்டேன் என்று சொல்லி, பட்டத்தை ரிங்கில் யாரிடமும் இழக்காமலே விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, 2018இல், கோலாலம்பூரில் முகமது வசீமை வென்று அதே பட்டத்தைத் திரும்ப வாங்கினார். அதற்குப் பிறகு அவரை அழைத்துக் காசு கொடுத்தவர்களும் ஜப்பான்காரர்கள்தான். குரோடாவையும் யாயெகாஷியையும் அவர்கள் மண்ணிலேயே வென்றார். டர்பனில் காசு போட்டு ஆட்டம் நடத்தும் ஒரு புரொமோட்டர் துணிந்து முன்வந்திருந்தால் என்று இங்கே பேசாதவர்கள் குறைவு.

அடுத்த முறை இப்படி ஜோடி சேர்த்துப் போடும்போது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் அதை எந்த ஊரில், யார் காசில் நடத்த முடியும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃபீனிக்ஸ், டர்பன்