நுங்கம்பாக்கத்தில் கண்டறியப்பட்ட 'ஆசியா' சிறுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் சூரியனைச் சுற்றிவரும் 'ஆசியா' என்ற பாறைச் சிறுகோள், சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து கண்டறியப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அனைவரும் அறிய வழி செய்ய வேண்டும் என்று கோரியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அன்றைய மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்ற நார்மன் ராபர்ட் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று இதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. வரிசையில் அதன் எண் 67. சிறுகோள்களை ஒளிப்படம் எடுத்துத் தேடும் முறை அப்போது வந்திருக்கவில்லை. மங்கலான விண்மீன்கள் வரை குறித்த வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று அகப்பட்டால் அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் பெயர்கிறதா என்று பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. எத்தனை பொறுமை வேண்டும்! இவ்வாறே சாஃபோ (1864), சில்வியா (1866) முதலிய சிறுகோள்களும் இங்கிருந்தே போக்சன் கண்ணில் பட்டன.

ஆசியாவின் குறுக்களவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சூரியனை ஒருமுறை சுற்ற மூன்றே முக்கால் ஆண்டுகள் ஆகின்றன. சிலிக்கேட் பாறையும் உலோகமும் கலந்த 'எஸ்' வகையைச் சேர்ந்தது. பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பான்மையானவை இவ்வகைச் சிறுகோள்களிலிருந்தே வருகின்றன என்ற கருத்தை, ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா சிறுகோளிலிருந்து 2010-இல் கொண்டுவந்த துகள்கள் உறுதிப்படுத்தின. பாடநூலில் படிக்கும் விண்கல்லுக்கும் நம் ஊர்க் கண்டுபிடிப்புக்கும் உள்ள இந்த உறவை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

அதே வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனின் ஒளி மாறுவதை 1867-இல் கண்டறிந்தார். போக்சன் பெயர் சொல்லப்படும் இடத்தில் அவர் பெயரும் சொல்லப்படுவதே நியாயம்.

அந்த வானாய்வகக் கட்டடம் இன்று இல்லை. 1792-இல் அங்கே கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் மட்டும், தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த வானாய்வகத்தின் வழித்தோன்றலான இந்திய வானியற்பியல் நிறுவனமும் வானிலை மையமும் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ந்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 17 அன்று அத்தூணை மாணவர்கள் நேரில் பார்க்கவும், மாலையில் தொலைநோக்கி வழியே வானைக் காணவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏப்ரலில் தேர்வுகள் குறுக்கிடும் என்றால், வானம் தெளிந்திருக்கும் பிப்ரவரியில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சென்னை.