பயிற்சியாளரின் இழுப்பறையில் கிடக்கும் போர்க்காலக் கடிதங்கள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளையாட்டுத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் பழைய தாள்களோடு பிழைப்பவன். ஆவணக் காப்பகத்தில் வேலை. பெட்டியைத் திறந்து, துருவேறிய ஜெம் கிளிப்பைத் தாள் கிழியாமல் கழற்றி, யார் யாருக்கு எப்போது எழுதியது என்று குறித்துவைப்பதுதான் என் அன்றாடம். அந்த உரிமையில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். தமிழில் எழுதியது உங்களை எட்டுமா என்ற கவலை எனக்கு இல்லை. உங்கள் வளாகங்களில் படிப்பவர்களாக, பாடம் நடத்துபவர்களாக, நூலகங்களில் பணிபுரிபவர்களாகத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து படித்துச் சொல்வார்.

கேட்க வந்தது ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின்போது உங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் களத்திலிருந்த பழைய மாணவர்களுக்கு எழுதிய கடிதங்களும், அந்த மாணவர்கள் அனுப்பிய பதில்களும் உங்கள் பழைய இரும்பு அலமாரிகளில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகக் காப்பகத்திடம் கொடுங்கள். ஒவ்வொரு வீரரின் பெயரைச் சொல்லியும் தேடி எடுக்கும்படி அவற்றை ஒழுங்கு செய்ய உதவுங்கள்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபாரஸ்ட் ஆலன் என்றொரு பயிற்சியாளர் இருந்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழலைப் போன்ற குரல் அவருக்கு. அதனால் ஊரெல்லாம் அவரை 'ஃபாக்' என்றது. எலும்பையும் மூட்டையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி மருத்துவம் படித்தவர் என்பதால், அவரிடம் ஆடிய பிள்ளைகளுக்கு அவர் 'டாக்'. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து இந்த ஆட்டத்தையே உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் நேரடியாக ஆடிப் பழகியவர். முதல் உலகப் போரில் நெய்ஸ்மித் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பிரான்சுக்குப் போய்ச் சிப்பாய்களோடு இருந்துவிட்டு வந்தவர். அடுத்த போரின்போது ஆலன் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அவரால் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது. எழுதினார். தனித்தனியாக எழுதியது போக, 'ஜேஹாக் ரீபவுண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சுற்றுமடலும் தயாரித்து உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடந்த கன்சாஸ் பிள்ளைகளுக்கு அனுப்பினார்.

டி.பி. ஹன்டர் அவருடைய பழைய வீரர்களில் ஒருவர். மரைன் படையில் சேர்ந்தார். 1944 ஜூலையில் பசிபிக் கடலின் குவாம் தீவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அவர் கடைசியாக எழுதிய கடிதத்துக்கு ஆலன் அதுவரை பதில் போட்டிருக்கவில்லை. செய்தி வந்த பிறகு உட்கார்ந்து பதில் எழுதினார். ஹன்டரின் பெற்றோரையோ நண்பர்களையோ விளித்து அல்ல, ஹன்டரையே விளித்து, உயிரோடு இருப்பவனிடம் பேசுவதுபோல எழுதினார். அதைச் சுற்றுமடலில் சேர்த்து மற்றவர்களுக்கும் அனுப்பிவைத்தார். இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ இரங்கல் கடிதங்களைக் கையாண்டிருக்கிறேன். இறந்தவரைப் பற்றி எழுதியவையே எல்லாம். பதில் போடத் தாமதித்துவிட்ட ஆசிரியர் இறந்த மாணவனுக்கே பதில் எழுதியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்தக் கடிதம் இன்று நமக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ அந்தத் தாளை எறியாமல் வைத்தார்கள் என்பதே காரணம்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. அதை நீங்கள் அறிய வேண்டும். போர்முனையில் இருப்பவனால் தனக்கு வரும் கடிதங்களைப் பத்திரப்படுத்த முடியாது. மழையில் நனையும், சட்டைப் பையில் மடிந்து மடிந்து கிழியும், கப்பலோடு மூழ்கும். ஆனால் பயிற்சியாளருக்கு அலுவலகம் இருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய ஒருவர் இருந்தார். தட்டச்சில் கார்பன் தாள் வைத்து ஒரு படி எடுப்பது அன்றைய அலுவலக வழக்கம். அந்தப் படியோடு மாணவனின் பதிலையும் சேர்த்துக் கோப்பில் போட்டுவிடுவார்கள். ஆகவே, உரையாடலின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தங்கும். மாணவனின் வீட்டில்கூட ஒரு பக்கம்தான் இருக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். உங்கள் இழுப்பறையில் இருப்பது முழுப் பேச்சு.

கார்பன் படியை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தாள். எழுத்துகள் கருநீலத்தில், ஓரம் கலங்கி, நனைந்தவை போல இருக்கும். கடிதத் தலைப்பு இருக்காது, கையெழுத்தும் இருக்காது. விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது குப்பை. கழித்துக்கட்டும்போது முதலில் போவது அதுதான்.

ஒரு கல்லூரியில் என் கண் முன்னே இது நடந்தது. புதிய விளையாட்டரங்கத்துக்கு அலுவலகம் மாறியபோது கோப்பைகளையும் கேடயங்களையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, பெட்டியில் எண் போட்டு எடுத்துப் போனார்கள். நான்கு இழுப்பறை கொண்ட அலமாரி ஒன்றை அப்படியே கவிழ்த்துக் குப்பை வண்டியில் கொட்டினார்கள். நான் போய்க் கேட்பதற்குள் இரண்டு இழுப்பறைகள் போய்விட்டன. மீதி இரண்டைக் கெஞ்சி வாங்கினேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கோப்பையின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தாளின் மதிப்பை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. போன இரண்டு இழுப்பறைகளில் என்ன இருந்தது என்ற எண்ணம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத நாட்கள் உண்டு.

வாங்கி வந்ததில் ஒரு 'வி-மெயில்' தாள் இருந்தது. 1942 ஜூனில் அமெரிக்கா தொடங்கிய ஏற்பாடு அது. சிப்பாய் எழுதிய கடிதத்தைச் சிறு ஃபிலிமில் படம் பிடித்து, ஃபிலிமை விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சின்னத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்கள் சாதாரணத் தபாலில் 37 பைகள், 2,575 பவுண்டு எடை. ஃபிலிமில் ஒரே பை, 45 பவுண்டு. கப்பலில் குண்டுக்கும் சோற்றுக்கும் இடம் மிச்சமாயிற்று. நான் சொல்லும் தாள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. எழுத்தைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். மேல் மூலையில் தணிக்கை அதிகாரியின் வட்ட முத்திரை. கடிதத்தின் நடுவே அரை மைதானத்தின் படம். பெருக்கல் குறிகளும் வட்டங்களுமாக ஐந்துக்கு ஐந்து ஆட்கள், ஓட வேண்டிய திசைக்கு அம்புக்குறிகள். 'இந்த இடத்தில் நான் உள்ளே வெட்டி ஓடியிருக்க வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா?' என்று பையன் கேட்டிருக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன்பு தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றிய கேள்வி அது.

முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. குண்டு விழும் இடத்தில் இருந்துகொண்டு பழைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்பானா? கோப்பு முழுவதையும் படித்த பிறகுதான் புரிந்தது. எந்தத் தீவு, எந்தக் கப்பல், எத்தனை பேர் செத்தார்கள், அடுத்து எங்கே போகிறோம், எதையும் எழுதக் கூடாது. எழுதினால் தணிக்கையில் கத்தரித்துவிடுவார்கள். போரைப் பற்றி வாய் திறக்க வழியில்லாதபோது அவனுக்கும் அவன் ஆசிரியருக்கும் பொதுவாக மிஞ்சியது ஆட்டம். பயத்தையும் ஊர் ஏக்கத்தையும் அந்த அம்புக்குறிகளுக்குள்தான் வைத்து அனுப்ப முடிந்தது. பயிற்சியாளரும் அதைப் புரிந்துகொண்டார். ஒரு பக்கம் முழுக்க ஆட்டத்தையே விளக்கிவிட்டு, கடைசி வரியில் 'கணுக்கால் எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேட்கிறார்.

ஆகவே உங்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். 'இவற்றில் வெறும் கூடைப்பந்து விஷயம்தானே இருக்கிறது, போர் வரலாறு எதுவும் இல்லையே' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கூடைப்பந்து விஷயமாக இருப்பதே அவற்றின் போர் வரலாறு.

குடும்பங்களின் பக்கம் பாருங்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே, முன்னாள் படைவீரர்களின் பணிக் கோப்புகளை வைத்திருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. அவற்றுக்கு நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. தாத்தா எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று பேத்தி அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டால், எரிந்துவிட்டது என்று பதில் வரும். அந்தப் பேத்திக்குத் தாத்தா ஆடிய கல்லூரியின் பெயர் தெரியும். ஆனால் பயிற்சியாளரின் அலமாரியில் அவருடைய குரல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அதனால்தான் வீரர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்கிறேன். 'பயிற்சியாளர் கடிதப் போக்குவரத்து, 1942–45, மூன்று பெட்டிகள்' என்று எழுதி வைத்தால் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும், பேத்திக்குப் பயன்படாது.

இன்னொன்று. தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும், மூலத்தைப் படமெடுக்க வேண்டாம் என்று செலவு கருதிச் சிலர் சொல்வார்கள். 1941இல் கன்சாஸுக்கு வந்து, ஆலனின் திட்டத்தில் முதலாண்டு மாணவர் அணியில் ஆடிய ரஸ்ஸல் நகரத்துப் பையன் ஒருவன், 1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலியின் காஸ்தெல் தாயானோ அருகே வலது தோளில் படுகாயமடைந்தான். வலக் கை மீளவே இல்லை. இடக் கையால் எழுதப் பழகினான். பின்னாளில் செனட்டரான பாப் டோல்தான் அந்தப் பையன். போருக்கு முன்பும் பின்பும் ஒருவர் எழுதிய இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது, தட்டச்சு செய்த வரிகளில் தெரியாது. கையெழுத்தையே படமாக வையுங்கள்.

சட்டம் குறுக்கே வருமோ என்று உங்கள் வழக்கறிஞர்கள் கேட்பார்கள். தாள் பெற்றவருக்குச் சொந்தம், சொற்கள் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். அமெரிக்கச் சட்டப்படி அச்சேறாத கடிதத்தின் உரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை. 1944இல் களத்தில் விழுந்தவர்களின் அச்சேறாத கடிதங்கள் 2015 முதலே பொதுவாகிவிட்டன. உயிரோடு திரும்பி வந்து நெடுநாள் வாழ்ந்தவர்களின் குடும்பங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கேளுங்கள். மறுப்பவர்கள் மறுக்கட்டும், அது அவர்கள் உரிமை. இந்தக் கடிதங்களை வாசிக்க மட்டும் வரும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஒரு டாலர்கூடக் கட்டணம் வாங்காதீர்கள்.

உங்கள் அரங்குகளின் முகப்பில் கண்ணாடிப் பேழைகள் இருக்கின்றன. வெற்றிப் பந்துகளையும், வென்ற நாளில் கூடையிலிருந்து கத்தரித்த வலையின் துண்டுகளையும் அங்கே வைத்திருக்கிறீர்கள். வையுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. பக்கத்தில் ஒரு கார்பன் நகலுக்கும் ஒரு வி-மெயில் தாளுக்கும் இடம் கொடுங்கள். நேர் வெளிச்சம் படாமல் வையுங்கள், மை மங்கிவிடும். மூலம் காப்பகத்தில் இருக்கட்டும், பேழைக்கு நல்ல நகல் போதும்.

இந்தக் கோடையில் உங்கள் பழைய அலுவலகத்தை இடிக்கவோ மாற்றவோ திட்டமிருந்தால், வண்டி வருவதற்கு முந்தின வாரம் உங்கள் காப்பகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். அலமாரியின் சாவி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, திறக்கும் வழி எங்களுக்குத் தெரியும். கிளிப்புகளை மட்டும் நீங்களே பிடுங்கி எடுக்காதீர்கள். தாள் கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் ஆவணக் காப்பாளன்