முதல் ஞாயிறுகளில் அளந்தவருக்கு நன்றி

அன்புடையீர்,

கடந்த ஆகஸ்டில் எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில் வைத்திருந்த மாதிரிகள் அழிந்துபோனதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உறைபெட்டியைத் திறந்த அந்தக் காலையைப் பற்றி மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. இழந்தவற்றில் மிகவும் வேண்டியிருந்த பூஞ்சை வளர்ப்புகள், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துச் சேமிக்கும் பூஞ்சை மாதிரிகள், நேற்று முன்தினம் மீண்டும் கைக்கு வந்துவிட்டன என்பதைத் தெரிவிக்கவும், அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லவுமே இந்த மடல்.

முதல் நன்றி, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலைச்சரிவுக்குச் சொந்தக்காரரான அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய சரிவில், அமெரிக்க செஸ்ட்நட் என்னும் கொட்டை மரத்தின் பழைய அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்த தண்டுகள் அறுபதுக்கு மேல் நிற்கின்றன. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் கண்டறியப்பட்ட, ஒரு பூஞ்சையால் வரும் கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு நானூறு கோடி மரங்களைத் தீர்த்துக்கட்டியபோதும், மண்ணுக்குள் இருக்கும் வேரை அந்தப் பூஞ்சையால் கொல்ல முடியவில்லை. வேர் துளிர்க்கிறது, தண்டு சற்றுப் பருத்ததும் பட்டை வெடித்துப் புண் தோன்றுகிறது, புண் தண்டைச் சுற்றி வளைத்ததும் மேற்பகுதி காய்ந்துபோகிறது, வேர் மறுபடி துளிர்க்கிறது. அம்மையார் பிறந்தபோதே அந்தச் சரிவில் பெரிய மரம் ஒன்றுகூட உயிரோடு இல்லை. செத்து நின்ற மரங்களை அறுத்து அவருடைய தந்தை போட்ட வேலி மட்டும் உளுத்துப்போகாமல் இன்றும் நிற்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே 23 புண்களுக்கு நாங்கள் மருந்திட்டோம். மருந்தும் அதே பூஞ்சைதான். ஆனால் வைரஸ் தொற்றி வீரியம் குன்றியது. புண்ணின் விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு அதைக் கூழாக அடைப்போம். புண்ணிலுள்ள பூஞ்சைக்கும் வைரஸ் தொற்றிக்கொண்டால், புண் பரவாமல் நின்று, மரம் ஓரங்களில் புதுத் திசு கட்டி ஆற்றிக்கொள்ளும். இத்தாலியிலும் பிரான்சிலும் ஐரோப்பிய செஸ்ட்நட் மரங்கள் பெருமளவு பிழைத்தது இந்த வைரஸால்தான். அமெரிக்காவில் அது எளிதில் நடப்பதில்லை. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் பொருந்தி ஒன்றாக இணைந்தால்தான் வைரஸ் தடையின்றிக் கடந்துபோகும். இங்கோ ஒன்றோடொன்று பொருந்தாத வகைகள் ஏராளம். (சாதகப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.) எந்தப் புண்ணில் பொருத்தம் கூடியது என்பதை அறிய, மாதாமாதம் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் சிகிச்சைக்காக நான் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பதினோரு மாதங்கள் அந்தச் சரிவுக்கு எங்களில் எவரும் போகவில்லை. திரும்பி வந்து மாதிரிகள் எடுத்து உறைபெட்டியில் வைத்தோம். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. இனி எந்த மரத்திலிருந்து தொடங்குவது என்றே தெரியாத நிலையில், ஆய்வை முடித்துக்கொள்கிறோம் என்று சொல்வதற்காகத்தான் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “நீ அளந்துகொண்டிருந்ததை நான் விடாமல் அளந்து வைத்திருக்கிறேனே, அது எதற்காவது உதவுமா?” என்று கேட்டார்.

நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறத்தில் அனைத்தும் இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறி, ஒவ்வொரு புண்ணையும் நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்திருக்கிறார். என் பாட்டி ‘அரைக்கால்’ என்பாரே, அந்த எட்டிலொரு பங்கு அங்குலம் வரை எழுதியிருக்கிறார். மழை ஓய்ந்த நாட்களில் புண்ணிலிருந்து பிதுங்கும் ஆரஞ்சு நிற வித்துத் திரிகளைக்கூட, இது பொத்தான் தைக்கும் நூல் பருமன், இது அதைவிட மெல்லியது என்று தையல்காரரின் கண்ணோடு குறித்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, நான்கூடக் கேட்கவில்லை. முதலில் அந்தத் தாள்களை ஒரு முதியவரின் பொழுதுபோக்காகத்தான் எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எண்களைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது, 23இல் நான்கு புண்கள் ஏழு மாதங்களாக அசையாமல் நின்றிருந்தது தெரிந்தது. அந்த நான்கிலிருந்து மட்டும் பட்டைத் துணுக்குகள் எடுத்து வளர்த்தோம். கருகல் பூஞ்சை ஆய்வகத் தட்டில் வழக்கமாக ஆரஞ்சு நிறம் கொள்ளும், வைரஸ் தொற்றியது வெளுத்துவிடும். இவற்றில் மூன்று வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. வைரஸ் இருக்கிறது என்று நேற்று முன்தினச் சோதனை உறுதிசெய்தது.

கேட்ட மறுவாரமே தங்கள் சேமிப்பிலிருந்து ஒப்பீட்டு வளர்ப்புகளை அனுப்பிவைத்த இரண்டு ஆய்வகத்தாருக்கும், உறைபெட்டியைக் காலிசெய்ய இரவு முழுவதும் உடன் நின்ற தோழர்களுக்கும், வாரக்கணக்கில் சாப்பாடு கொடுத்தனுப்பிய இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும், நேர வேறுபாடு பாராமல் என் புலம்பலைக் கேட்ட சென்னை, மதுரை நண்பர்களுக்கும் என் வணக்கம். உங்களில் எவருக்கும் தனித்தனியே எழுத இயலாததைப் பொறுத்தருள வேண்டும்.

இனி எங்கள் வளர்ப்புகள் ஒவ்வொன்றின் நகலும் வேறோர் ஊரின் உறைபெட்டியில் இருக்கும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் அந்தச் சரிவுக்கு மாதம் ஒருவராவது போவார். இரண்டையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

கடந்த வாரம் அம்மையாருக்கு ஒரு புதிய டேப் வாங்கிச் சென்றேன். அவருடைய துணி டேப் பழையது, சற்று நீண்டுபோயிருந்தது. அதை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டு எல்லா எண்களையும் நாங்கள் திருத்த வேண்டியிருந்தது. புதியதை மகிழ்ச்சியோடு வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பழையதையே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இதுவரை எழுதியதெல்லாம் இதில் அளந்தது. நடுவில் மாற்றினால் கணக்கு எப்படி ஒத்துவரும்?” என்றார்.

நன்றியுடன்,
உங்கள் பூஞ்சை ஆய்வு மாணவி