பேரலையில் கலந்த பெர்லின் நீலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான ஜப்பானிய ஓவியம் பற்றிய கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஐரோப்பிய ஓவியர்களான வான்கோவும் மோனேயும் அந்நாட்டு அச்சோவியங்களுக்குப் பட்டிருக்கும் கடனைக் கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், அயல்காற்றே படாமல் வளர்ந்த ஒரு தூய கீழைக் கலையை, 1853இல் பெரி என்ற கடற்படைத் தளபதியின் அமெரிக்கக் கப்பல்கள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் மேலைநாடுகள் கண்டெடுத்தன என்ற தோரணையில் அவர் எழுதியிருப்பதை ஏற்பதற்கில்லை.

கட்டுரையோடு தாங்கள் வெளியிட்டிருந்த, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படமே இதற்கு மறுப்பாக நிற்கிறது. 1831ஐ ஒட்டி வெளிவந்த அந்தப் படத்தின் ஆழ்ந்த நீலம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் செயற்கையாக உருவாக்கப்பட்ட பிரஷ்ய நீலம். நாகசாகித் துறைமுகம் வழியாக டச்சு, சீன வணிகர்கள் கொண்டுவந்த இந்த நிறமி 1820களின் இறுதியில்தான் பதிப்பாளர்களுக்குக் கட்டுபடியாகும் விலைக்கு இறங்கியது. அதற்கு முன் அவர்கள் கைவசம் இருந்தவை எளிதில் வெளிறிவிடும், பூவிலிருந்து எடுத்த ஒரு சாயமும், இத்தனை பளிச்சென்று இராத அவுரியுமே. நிறம் ஒருபுறம் இருக்கட்டும், படத்தின் அமைப்பைப் பாருங்கள். தொடுவானம் தாழ்ந்திருக்கிறது, முன்னால் எழும் அலைக்கு அடியில், நாட்டின் மிக உயர்ந்த மலையான ஃபூஜி தொலைவில் சிறுத்துக் கிடக்கிறது. தொலைவு கூடக் கூட உருவம் சிறுக்கும் இந்த ஐரோப்பியத் தொலைநோக்கு முறை ஹொக்குசாய்க்கு முன்பே அங்கு புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1720இல், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் யோஷிமுனே மேலைநாட்டு நூல்கள் மீதான தடையைத் தளர்த்தினார். 1740களில் ஒகுமுரா மசனோபு போன்ற ஓவியர்கள் அம்முறையில் நாடக அரங்குகளின் உட்புறத்தை வரைந்து அச்சிட்டு விற்றார்கள்.

இந்த ஐரோப்பியச் சரக்கு கலந்த படங்களைப் பார்த்துத்தான் பாரிஸ் வியந்தது என்பது வேடிக்கை. வியந்ததில் தவறில்லை. தொலைநோக்கு விதிகளில் ஊறிப்போயிருந்த ஓவியர்களின் கண்ணில் பட்டவை வேறு: நிழலில்லாத தட்டையான வண்ணப்பரப்பு, சட்டத்தின் விளிம்பில் துணிந்து வெட்டப்பட்ட உருவங்கள். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட கமெய்தோ பிளம் தோட்டத்தையும், பாலத்தின் மேல் பெய்யும் திடீர் மழையையும் வான்கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். படியெடுத்ததோடு நில்லாமல், வேறு அச்சோவியங்களிலிருந்து எழுத்துகளை எடுத்து ஓரங்களை நிரப்பினார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மூலத்தில் இல்லாத அந்த அலங்காரத்தை, தேவைக்கு மேல் ஜப்பானியமாகக் காட்டும் ஆசை என்றே நான் கொள்கிறேன்.

கட்டுரையில் அறவே விடுபட்டுப்போனது மறுதிசைப் பயணம். 1884இல் சட்டம் படிக்கப் பாரிஸுக்குப் போன ஜப்பானியர் குரோதா செய்க்கி, ஓவியத்துக்கு மாறி, 1893இல் நாடு திரும்பிப் புதிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு அங்கே வழிவகுத்தார். அவருடைய ஆசிரியர் ரஃபாயேல் கொலான் ஜப்பானியக் கலைப்பொருள்களைத் தேடிச் சேர்த்தவர். டோக்கியோவில், மரபு ஓவியத்தைக் கைவிடாதீர்கள் என்று ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷினோடு சேர்ந்து வாதாடிய ஃபெனலோசாவோ ஓர் அமெரிக்கர். 1889இல் அவர்களுடைய முயற்சியால் திறக்கப்பட்ட நுண்கலைப் பள்ளியில் தொடக்கத்தில் மேலை ஓவியத்துக்கு இடமே இல்லை; 1896இல் அத்துறை தொடங்கப்பட்டபோது அங்கே கற்பிக்க வந்தவர் குரோதா. இவ்வளவு பின்னிக்கிடக்கும் வரலாற்றில் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பத்திகளாகக் கணக்கெழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, சிறிய விண்ணப்பம். பேரலையின் கீழ் ‘ஓவியம்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது மரக்கட்டை அச்சு. ஹொக்குசாய் வரைந்ததைப் பெயர் தெரியாத செதுக்குநர்கள் கட்டையில் வெட்ட, அச்சுக் கலைஞர்கள் நிறத்துக்கு நிறம் தாளில் ஒற்றியெடுக்க, நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது ஆண்டையும் பதிப்பாளர் பெயரையும், எந்த அருங்காட்சியகத்தின் பிரதி என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.